வெள்ளத்தில் யார் யாரை விசாரிப்பது?

வெள்ளம் வடிந்த பின்னர் எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் நீரின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. எத்தனை அங்குலம் மழை பெய்தது, ஆறு எத்தனை அடி உயர்ந்தது, எத்தனை பாலங்கள் போயின என்ற கணக்கு அவற்றில் உண்டு. அந்த இரவில் யார் யாரை நினைத்தனர், எவர் வாசலுக்கு எவர் ஓடினர், எவரைத் தேடி ஒருவரும் வரவில்லை என்ற கணக்கு அவற்றில் இல்லை. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களையும் மகாவலி பலமுறை சோதித்திருக்கிறது. அச்சோதனைகளின் ஊடே, மனிதர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடைப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'விசாரித்தல்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. நலம் கேட்பதும் விசாரிப்பு. குற்றம் கேட்பதும் விசாரிப்பு. மலையகத் தொழிலாளியின் கதையை இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம். எங்கிருந்து வந்தாய், யார் அழைத்து வந்தது, எத்தனை ஆண்டு இருந்தாய், அதற்குச் சான்று என்ன என்று அவனை விசாரித்தோர் பலர். நீ நலமா என்று விசாரித்தோர் மிகச் சிலர்.

முதலில் தூரத்துச் செய்தி ஒன்றை நோக்குவோம். 1920களிலும் 1930களிலும் செய்யப்பட்ட பழைய ஆகாயவிமானங்களைப் பேணிவைத்து, விடுமுறை நாட்களில் பறந்து மகிழ்வோர் மேலைநாடுகளில் உளர். அவற்றுட் பல, மரச்சட்டத்தின்மீது துணி போர்த்துச் செய்யப்பட்டவை. ஈரம் அவற்றுக்குப் பெரும்பகை. சிறிய விமானத்திடல்களோ சமதரையை நாடி ஆற்றோரத் தாழ்நிலங்களிற் பலவிடத்தும் அமைந்திருக்கின்றன. ஆகவே, ஆறு பெருகும்போது முதலில் மூழ்கும் இடங்களில் அவையும் அடங்கும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி ஆறு பெருக்கெடுத்து, சென் லூயிஸ் நகருக்கு அருகே ஆற்றணை உடைந்தபோது, ஒரு விமானநிலையம் முழுவதும் நீருள் ஆழ்ந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை விமானநிலையத்துள் புகுந்தபோது, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சிறு விமானங்கள் நீரிற் சிக்கின. இத்தகைய வேளைகளில் பழைய விமானமொன்றின் உடைமையாளர் மற்றோர் உடைமையாளரை அழைத்து, 'உங்கள் கொட்டகைக்குள் நீர் வந்ததா? நாங்கள் வந்து கைகொடுக்கவா?' என்று கேட்பது இயல்பு.

இதனை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒரே தொழிலில் அல்லது ஒரே ஆர்வத்தில் ஈடுபட்டோர் இடுக்கண் வேளையில் ஒருவரையொருவர் நினைப்பது மனிதப் பண்பு. ஆயின், அந்த நினைப்பு செயலாக மாறுவதற்கு மூன்று வசதிகள் வேண்டும். ஒன்று, இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று காட்டும் பெயர்ப்பட்டியல். இரண்டு, அவரை எட்டுவதற்குரிய கருவி. மூன்று, கேட்டால் விடை சொல்லியே ஆகவேண்டும் என்று பிறரை நிர்ப்பந்திக்கும் உரிமை. விமான உடைமையாளருக்கு இம்மூன்றும் உண்டு. ஒவ்வொரு விமானமும் அரசாங்கப் பதிவேட்டில் எழுத்தும் இலக்கமும் பெற்றிருக்கிறது. ஒன்று காணாமற் போனால் உலகம் தேடுகிறது. இம்மூன்று வசதிகளையும் அளவுகோலாகக் கொண்டு கண்டிச் சீமையை நோக்குவோம்.

1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் வெள்ளையர் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் அமைத்தார். தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வரலாறு அங்கிருந்தே தொடங்குவதாகக் கொள்வது மரபு. பின்வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை வரலாற்றாசிரியர்க்கிடையே ஒற்றுமையில்லை. ஏன்? அவர்களுக்குப் பட்டியல் இல்லை. கண்டிக்கு வந்து சேர்ந்த கோப்பி மூட்டைக்குக் கணக்கு இருந்தது. அதனை விளைவிக்க வந்து வழியில் விழுந்தவனுக்குக் கணக்கு இல்லை.

பட்டியல் பின்னர் வந்தது. ஆனால் அது எத்தகைய பட்டியல்? 1901ஆம் ஆண்டளவில் 'தகர டிக்கெட்' முறை புகுத்தப்பட்டது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரவில்லை ஒன்று, வரும் தொழிலாளி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட்டது. வில்லையைக் கண்டவர் அவனை உரிய தோட்டத்தில் சேர்ப்பித்துவிடலாம். பண்டத்துக்கு முத்திரையிட்டு அனுப்புவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகவில்லை. தோட்டத்தில் சேர்ந்தபின் செக்ரோல் வந்தது. அதிகாலையில் பெரட்டுத் தப்பு ஒலிக்கும். பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பர். கணக்கப்பிள்ளை பேர் பதிவார். இங்கே ஒரு சொல்வழக்கு நம் சிந்தனைக்குரியது. முழுநாள் வேலைக்குக் கிடைப்பது 'முழுப்பேர்'. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. பேர் என்ற சொல்லே கூலியின் அளவாகிவிட்டது. வேலைக்கு வராத நாளில் அவனுக்குப் பேர் இல்லை. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நாளிலும், அந்தக் கணக்கின்படி, அவன் பேர் விழாத ஆள்தான்.

ஆகவே, தொழிலாளருக்குப் பட்டியல் இல்லை என்பது முழு உண்மையன்று. அவர்களிடம் வேலை வாங்குவதற்குப் பட்டியல் இருந்தது; நலம் கேட்பதற்குப் பட்டியல் இல்லை. அவர்கள் தமக்குள் விசாரித்துக்கொள்ள வேறு வழிகளை வகுத்துக்கொண்டனர். கேதம் சொல்ல ஆள் அனுப்புவது அவற்றுள் ஒன்று. ஒரு லயத்தில் சாவு விழுந்தால், மலையின் மறுபுறத்துத் தோட்டத்திலுள்ள உறவினருக்குச் செய்தி கொண்டு ஒருவர் நடப்பார். எழுதப்படிக்க அறியாத அம்மக்கள், எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில், எத்தனையாவது காம்பராவில் யார் இருக்கிறார் என்பதை நெஞ்சில் எழுதி வைத்திருந்தனர். அது உடைமையற்றோரின் முதற் பதிவேடு.

கருவியைப் பற்றியும் இரண்டொரு சொல் கூறவேண்டும். 1935 நவம்பர் 27ஆம் நாள், சென்னைப் பறத்தற் கழகத்தின் பயிற்றாசிரியர் ஓட்டிவந்த 'பஸ் மொத்' என்ற சிறு விமானம் புதிய இரத்மலானைத் திடலில் முதன்முதலாக இறங்கியது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான தொலைவு சில மணி நேரமாகச் சுருங்கிற்று. அதே காலத்தில் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புறப்பட்ட தொழிலாளி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க முடிந்தது. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் வந்து அமர்ந்தது. பர்மாவின் காட்டில் நிற்கும் படைப்பிரிவின் நிலையை மகாவலிக் கரையிலிருந்தே விரைவில் அறிந்துகொள்ளக் கம்பியில்லாத் தந்தியும் விமானமும் துணைநின்றன. அக்கரை மலையின் லயத்தில் பிரசவ வேதனைப்படும் பெண்ணின் நிலை தோட்ட மருந்துச்சாலைக்கு எட்டுவதற்கோ ஒருவர் இருளில் ஓடவேண்டியிருந்தது. கருவி இல்லாத காலமன்று அது. கருவி யாருக்காக என்ற கேள்விக்கு விடை தெளிவாகத் தெரிந்த காலம்.

மூன்றாவது வசதியாகிய உரிமை, கேட்டுப் பெற்றதன்று, போராடிப் பெற்றது. 1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். தோட்டத் தொழிலாளி ஒருவரின் சாவைக் குறித்து நாடு வினா எழுப்பிற்று, விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் கம்பளையில் மாநாடு கூட்டிற்று. தோட்டத் தொழிற்சங்கமும் உருப்பெற்றது. சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் பெயர் பதிந்தபோது, தொழிலாளிக்கு இரண்டாவது பட்டியல் ஒன்று கிடைத்தது. இது அவனே விரும்பிச் சேர்ந்த பட்டியல். ஒரு தோட்டத்தில் நேர்ந்தது அடுத்த தோட்டத்தின் கவலையாயிற்று. தோட்டத் தலைவர் துரையின் கந்தோருக்குச் சென்று, 'இன்னாருக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கலானார். விடை சொல்ல வேண்டிய நிலை துரைக்கு ஏற்பட்டது.

இந்நிலையில் 1947ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மலைநாட்டில் மழை அளவிறந்து பெய்தது. மகாவலி கம்பளையையும் பேராதனைத் தாழ்நிலங்களையும் மூடிற்று. மண்சரிவுகள் பாதைகளை அறுத்தன. அதே மாதம் 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. 23ஆம் நாள் இலங்கையின் முதற் பாராளுமன்றத் தேர்தல் தொடங்கிற்று. சேறு காயாத பாதைகளில் நடந்து தோட்டத்து ஆண்களும் பெண்களும் வாக்களித்தனர். நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர். வெள்ளம் பாய்ந்த பள்ளத்தாக்குகளின் மக்களைப் பற்றி நாட்டின் உயர்சபையில் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தனர். பட்டியல், கருவி, உரிமை ஆகிய மூன்றும் அம்மக்களின் கைக்கு மிக அண்மையில் வந்த காலம் அது.

அந்நிலை நீடித்ததோ மிகச் சில காலமே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1949இன் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்கள் பெயரை அகற்றிற்று. அதே 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களிற் சிறுபகுதியினரே ஏற்கப்பட்டனர். இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்றுக் காகிதம் கேட்கப்பட்டது. பத்தடி அகல நீளமுள்ள காம்பராவில், ஒழுகும் தகரக் கூரையின்கீழ், அடுப்புப் புகைக்கும் மழைச்சாரலுக்கும் இடையே ஒரு தலைமுறையின் காகிதங்கள் எவ்வாறு தங்கும் என்று சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்க்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்க்கப்படும் என்றது. எண்கள் துல்லியமாக இருந்தன. அவ்வெண்களுக்குள் இருந்த அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பங்கில் விழுந்த செய்தி உடன்படிக்கையில் இல்லை. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

இதற்கிடையில் வெள்ளம் ஏன் பெருகிற்று என்பதையும் நோக்கவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கண்டிக் கிராமத்தாரின் காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கிற்று. காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலை பரவிற்று. 1867இலேயே ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். மழையைத் தாங்கி மெல்ல விடுத்த காடு போனபின், மண் நேரே ஆற்றில் இறங்கிற்று. மண்காப்புச் சட்டம் 1951இல்தான், அதாவது காடழிப்பு தொடங்கி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்தான் வந்தது. காட்டை இழந்த சிங்களக் கிராமத்தானும், காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே வெள்ளத்தின் கீழ்க்கரையில் நின்றனர். இலாபம் மேற்கரையில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் விசாரிக்காதிருப்பது யாருக்கு நன்மை என்று வாசகரே சிந்திக்கலாம்.

1951 மார்ச் 2ஆம் நாள் இலங்கை விமானப்படை நிறுவப்பட்டது. 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் இத்தீவின் மக்கள், ஆகாயவிமானம் மனிதரைத் தேடி வருவதைப் பரவலாகக் கண்டனர். நமது விமானப்படையோடு, 'பிரின்ஸ்டன்' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் ஹெலிகொப்டர்களும் உதவிக்கு வந்தன. போருக்காகச் செய்த பொறி, சோற்று மூட்டை சுமந்தது. விஞ்ஞானத்தின் மீது நாம் கொண்டிருக்கும் நம்பிக்கை வீணானதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அக்காலத்தைச் சேர்ந்த பழைய விமானங்கள் சில இன்று இரத்மலானை அருங்காட்சியகத்தில் நன்கு பேணப்பட்டு நிற்கின்றன. அவற்றைப் பார்க்கச் செல்லும் மாணவர், அவை எந்த வெள்ளத்தில் யாரைத் தேடிப் பறந்தன என்றும் கேட்டறிய வேண்டும்.

பின்னர் ஆற்றைக் கட்டும் காலம் வந்தது. 1976இல் பொல்கொல்லத் திருப்பணை, 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் எழுந்தன. ஆறு ஓரளவு கட்டுப்பட்டது, மலை கட்டுப்படவில்லை. 1986 ஜனவரியில் மலைநாடெங்கும் மண்சரிவுகள் நேர்ந்தன. 1990 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கிற்று. வரைபடம் வந்துவிட்டது. அதிலே சிவப்பு வண்ணம் பூசப்பட்ட சரிவிலிருந்து எழுந்து வேறிடம் செல்லத் தொழிலாளிக்கு நிலம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. மாண்டோர் எத்தனை பேர் என்று முதலிற் சொல்லப்பட்ட தொகை நூற்றுக்கணக்கில் இருந்தது; பின்னர் அது மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டது. 21ஆம் நூற்றாண்டில், ஒரு தோட்டத்தின் லயங்களில் அன்று எத்தனை பேர் இருந்தனர் என்று நாட்டினால் உடனே சொல்ல முடியவில்லை! வடபாதையிற் செத்தோருக்கு இல்லாத பட்டியல், இவர்களுக்கும் உரிய வேளையிற் கிடைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணி செய்யத் தடையாக நின்றது என்பதையும், அது 2018இல்தான் திருத்தப்பட்டது என்பதையும் இங்கே இணைத்துப் பார்க்கவேண்டும்.

2025 நவம்பர் 28ஆம் நாள் 'டித்வா' புயல் தீவைத் தாக்கிற்று. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் கண்டி. கம்பளை நகரம் மீண்டும் நீருள் நின்றது. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பலவிடங்களில் அறுந்தது, வீதிகள் அடைபட்டன, தொலைபேசித் தொடர்பு அற்றது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. நமது விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் இந்திய விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் கொத்மலை முதலிய இடங்களில் துண்டிக்கப்பட்டோரை மீட்டன. நவம்பர் 30ஆம் நாள் லுணுவிலவில் நிவாரணப் பணியிலிருந்த 'பெல் 212' ஹெலிகொப்டர் ஒன்று ஆற்றில் வீழ்ந்தது; அதன் விமானி உயிரிழந்தார். 1960களில் வடிவமைக்கப்பட்ட இனம் அது. பிறரைத் தேடிப் பறந்தவரைப் பின்னர் பிறர் தேட நேர்ந்த அந்நிகழ்வை நாம் மறக்கலாகாது.

கருவி அறுந்த அந்நாட்களில் மீண்டும் தொழிற்பட்டது எது? கேதம் சொல்ல நடந்த பழைய கால்தடம்தான். சரிந்த மண்ணின்மீது ஏறி, அடுத்த டிவிசனுக்கு நடந்து, 'அங்கே யார் இருக்கிறீர்கள்?' என்று குரல் கொடுத்தோர் தொழிலாளரும் கிராமத்தாருமே. அக்குரலுக்கு மொழிபேதம் இல்லை. ஆயினும் அந்த அன்பை மட்டும் புகழ்ந்துவிட்டு நாம் அமைதியடைவோமாயின், அரசு செய்யவேண்டிய கடமையை ஏழையின் நற்பண்பிடம் ஒப்படைத்தவர்களாவோம்.

ஆசிரியராகிய நாம் இங்கே ஒன்று கூறவேண்டும். தோட்டப்புறத்தில் மனிதர் பெயர் கூலிக்காகவன்றி எழுதப்பட்டிருக்கும் ஏடுகளில் பள்ளிக்கூடத்து இடாப்பு முக்கியமானது. அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. தந்தை தாய் பெயர் இருக்கிறது. வசிக்கும் இடம் இருக்கிறது. அனர்த்தத்துக்குப் பின் பள்ளி திறக்கும் முதல் நாளில், இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் ஆசிரியரின் குரல் வெறும் வரவுக் கணக்கன்று. அது ஒரு விசாரிப்பு. விடை வராத பெயருக்கு முன்னால் அந்தக் குரல் நிற்கவேண்டும். வீட்டைத் தேடிச் செல்லவேண்டும்.

அந்த இடாப்பை இன்னும் விரிவாக்க மாணவரால் முடியும். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை காம்பரா, எத்தனை முதியோர், எத்தனை கைக்குழந்தை, நடக்க இயலாதோர் யார், கொழும்பில் வேலை செய்வோர் எவர் என்று மழைக்காலத்துக்கு முன் எழுதிவைக்கலாம். அதன் பிரதியொன்று கிராம அலுவலரிடமும், மற்றொன்று தொழிற்சங்கத்திடமும், இன்னொன்று அயற்கிராமத்துப் பள்ளியிடமும் இருக்கலாம். சிங்களப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் தம் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்வது இன ஒற்றுமை பற்றிய பல மேடைப்பேச்சுகளிலும் மேலான காரியம். தமிழில் உடனடி எச்சரிக்கை, அபாயச் சரிவிலிருந்து விலகிய நிலத்தில் உரிமையோடு கூடிய வீடு, உள்ளூராட்சியின் முழுப்பணி ஆகியவற்றை அரசிடம் கேட்டுப் பெறுவதற்கும் அப்பட்டியலே ஆதாரமாகும்.

பழைய விமானமொன்று நனைந்ததா என்று கடல்கடந்தும் அதன் அன்பர்கள் கேட்கின்றனர், கேட்கட்டும். கண்டியின் மலைகளில் 200 ஆண்டுகளாக நனைந்துகொண்டிருக்கும் காம்பராக்களின் பட்டியல் நம் கையில் இருக்கவேண்டும். அடுத்த மழைக்கு முன் அதனை எழுதத் தொடங்குவோம்.